குடலைக் கழுவலாமா?

வயிறு சுத்தமாக இருந்தால் வியாதி அண்டாது என்பார்கள் பெரியவர்கள். நல்ல சொல்தான். ஆனால், சுத்தம் செய்வதாக நினைத்துக்கொண்டு குடலையே கெடுத்துக்கொள்ளக் கூடாது.

பேதிக்குச் சாப்பிடுவது தமிழ்நாட்டில் பழைய வழக்கம். விடியற்காலையில், வெறும் வயிற்றில் விளக்கெண்ணெய்! குழந்தைகள் ஓடி ஒளிவார்கள், பாட்டி விடமாட்டாள். மத்தியானம் ரசம் சாதம். நாலு மாதத்துக்கு ஒரு தடவை பேதி மருந்து என்று சித்த வைத்திய நூலும் கூறுகிறது.

இப்போது புதிய நாகரிகம் வந்திருக்கிறது. பெங்களூர், சென்னை போன்ற நகரங்களில் குடலைக் கழுவும் நிலையங்கள் இருக்கின்றன. ஆசன வாயில் குழாயைச் செருகி, லிட்டர் லிட்டராகத் தண்ணீர் விடுகிறார்கள். குடலைச் சுத்தம் செய்யும் பொடிகளும் மாத்திரைகளும் வேறு விற்பனையாகின்றன. உடம்பில் உள்ள விஷமெல்லாம் போய்விடுமாம்!

இது எல்லோருக்கும் ஏற்றதா? இல்லை. குடலில் பை விழுந்தவர்களுக்கு இது பெரிய ஆபத்து.

பை எப்படி விழுகிறது?

பழைய சைக்கிள் டியூபில் வலுவிழந்த இடம் புடைத்துக்கொள்ளும் அல்லவா? பெருங்குடலிலும் அப்படித்தான். வயது ஏற ஏற, குடலின் சுவரில் சிறு சிறு பைகள் தோன்றுகின்றன. பெரும்பாலோருக்கு இதனால் எந்தத் தொல்லையும் இல்லை. பை இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. அதுதான் வம்பு!

சிலருக்கு அந்தப் பை வீங்கிச் சீழ் பிடிக்கிறது. அடி வயிற்றில் வலி, காய்ச்சல், குமட்டல் உண்டாகிறது. மேல்நாட்டாருக்குப் பெரும்பாலும் இடது பக்கம் வலிக்கும். ஆசியாவில் வலது பக்கமும் வருவதுண்டு. அந்த நேரத்தில் பேதி மருந்தோ எனிமாவோ கொடுத்தால் என்ன ஆகும்? வீங்கிய பை ஓட்டையாகலாம். குடலில் உள்ள அழுக்கு வயிற்றுக்குள் கொட்டும். உயிருக்கே ஆபத்து.

காந்தியடிகள் செய்தது என்ன?

காந்தியடிகள் இயற்கை வைத்தியத்தில் நம்பிக்கை உள்ளவர். எனிமா எடுத்துக்கொள்ளும் வழக்கமும் அவருக்கு உண்டு. 1924-ம் ஆண்டு ஜனவரியில், எரவாடா சிறையில் இருந்தபோது அவருக்குக் கடும் வயிற்று வலி வந்தது. பெருங்குடலின் முனையில் உள்ள குடல்வால் வீங்கியிருந்தது. உடனே பூனாவில் உள்ள சாசூன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஜனவரி 12-ந் தேதி இரவு டாக்டர் மேடாக் ஆபரேஷன் செய்தார். பாதியில் மின்சார விளக்கு அணைந்துவிட்டது. லாந்தர் வெளிச்சத்தில் ஆபரேஷன் முடிந்தது. காந்தியடிகள் பிழைத்தார்.

எனிமாவில் நம்பிக்கை வைத்தவரே, குடல் வீங்கியபோது டாக்டரிடம் உடம்பை ஒப்படைத்தார். அவருக்கு வந்தது குடல்வால் நோய். இது பை நோய். ஆனால் பாடம் ஒன்றுதான்.

விஷம் ஊறுகிறதா?

குடலில் விஷம் ஊறுகிறது என்பது நூறு வருஷத்துக்கு முந்திய எண்ணம். அமெரிக்க டாக்டர் அல்வாரெஸ் 1919-ம் ஆண்டிலேயே அதை மறுத்து எழுதினார். கழிவை வெளியே தள்ளக் குடலுக்கே தெரியும்.

அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்தில் 1978 முதல் 1980 வரை ஒரு நிலையத்தில் குடலைக் கழுவிக்கொண்டவர்களில் 36 பேருக்காவது சீதபேதிக் கிருமி தொற்றியது. 10 பேருக்குக் குடலையே வெட்டி எடுக்க நேர்ந்தது. அவர்களில் சிலர் பிழைக்கவில்லை.

"டாக்டர்களே பேதி மருந்து கொடுக்கிறார்களே?" என்று சிலர் கேட்கலாம். உண்மைதான். குடலுக்குள் குழாய் விட்டுப் பார்ப்பதற்கு முன் கொடுக்கிறார்கள். ஆனால் வீக்கம் தணிந்து, சில வாரங்கள் கழித்தே அப்படிச் செய்வது வழக்கம்.

களியை மறக்கலாமா?

கிருஷ்ணகிரி மாவட்டம் கேழ்வரகு விளையும் பூமி. நாகரசம்பட்டி வட்டாரத்துக்குக் களியும் கீரையும் கொள்ளும் புதிதல்ல. இவற்றில் நார்ச் சத்து ஏராளம். நார் இருந்தால் மலம் இளகும். குடல் முக்க வேண்டியதில்லை. நார் குறைந்த உணவே பை நோய்க்குக் காரணம் என்று 1971-ம் ஆண்டில் இங்கிலாந்தில் டாக்டர்கள் பெயிண்டரும் பர்கிட்டும் எழுதினார்கள். உடல் பருமன், புகைப் பழக்கம், அடிக்கடி வலி மாத்திரை விழுங்குவது ஆகியவையும் காரணம் என்று இப்போது தெரிகிறது.

ஓசூர் ஆலைகளில் மூன்று ஷிப்டும் வேலை நடக்கிறது. வேலைக்குப் போகும் இளைஞருக்கு நேரம் இல்லை. அவசரத்துக்கு மைதா பரோட்டா. தண்ணீர் குடிப்பதும் குறைவு. மலச்சிக்கல் வந்ததும் பேதி மாத்திரை. களியை விட்டுவிட்டு மாத்திரைக்குக் காசு கொடுப்பது என்ன கணக்கு?

ஒன்றை மறக்கக் கூடாது. பை வீங்கி வலிக்கும்போது நார் உணவும் வேண்டாம். டாக்டர் சொல்லும் இளகிய ஆகாரமே நல்லது. குணமான பிறகு, கொஞ்சம் கொஞ்சமாகக் களிக்குத் திரும்பலாம்.

வயிற்று வலியோடு காய்ச்சல் வந்தாலும், மலத்தில் ரத்தம் போனாலும், வீட்டில் பேதி மருந்து கொடுக்கவே கூடாது. உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கிருஷ்ணகிரியிலேயே 2022-ம் ஆண்டில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டிருக்கிறது.

பாத்திரத்தைத் தேய்த்துக் கழுவலாம். குடல் பாத்திரம் அல்ல!