லாரியை அனுப்பியது யார்?

ஊத்துக்கோட்டைப் பக்கத்தில் பல குடும்பங்களுக்குக் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையால்தான் சோறு. சில பிள்ளைகள் பட்டறையில் நிற்கிறார்கள். சில பிள்ளைகள் ஆபீசில் உட்காருகிறார்கள். "ஆபீசில் என்ன வேலை?" என்று கேட்டால், "பில் போடுகிற வேலை" என்று தாயார் பெருமையாகச் சொல்வார்.

இப்போது பல கம்பெனிகளில் அந்த பில்லைப் பிள்ளை போடுவது இல்லை. அது தானாகவே விழுகிறது!

எப்படி?

லாரியில் சரக்கு ஏறுகிறது. "ஏற்றியாகிவிட்டது" என்று ஒருவர் கம்ப்யூட்டரில் ஒரு பொத்தானை அழுத்துகிறார். அவ்வளவுதான். பில் தயாராகிறது. அது அரசாங்கத்தின் ஜி.எஸ்.டி. கம்ப்யூட்டருக்குப் போய், பதிவு எண் வாங்கிக்கொண்டு திரும்புகிறது. சரக்கு வெளியே போவதற்கான "இ-வே பில்" பிறக்கிறது. டிரைவரின் செல்போனுக்குச் செய்தி போகிறது. சரக்கு வாங்கியவருக்கு ஈமெயில் போகிறது. கணக்குப் புத்தகத்தில் வரவும் ஏறிவிடுகிறது. முன்பு நாலு மேஜை தாண்ட வேண்டிய காகிதம், இப்போது ஒரு நிமிஷத்தில் ஊர் சுற்றி வந்துவிடுகிறது!

இதற்கு "ஒர்க்ப்ளோ" என்று பெயர். நாம் "வேலைத்தொடர்" என்று சொல்லலாம். ஒரு வேலை முடிந்தால் அடுத்த வேலை தானே தொடங்கும்.

இது "கிளவுட்"டில் ஓடுகிறது என்பார்கள். கிளவுட் என்றால் மேகம். அதற்காக வானத்தைப் பார்க்க வேண்டாம். பெரிய கட்டிடங்களில் ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்களை அடுக்கி வைத்து, கம்பெனிகளுக்கு வாடகைக்கு விடுகிறார்கள். அதுதான் அந்த மேகம். மைக்ரோசாப்ட் கம்பெனி 2015-ல் அப்படி ஒன்றைச் சென்னையிலேயே திறந்தது.

அதே மைக்ரோசாப்ட் 2016-ல் "ப்ளோ" என்ற பெயரில் ஒரு வேலைத்தொடர்ச் சாதனத்தை வெளியிட்டது. 2019-ல் அதற்கு "பவர் ஆட்டோமேட்" என்று பெயர் மாற்றியது. நம்மவர்களும் சளைத்தவர்கள் அல்லர். சென்னையில் பிறந்த ஜோஹோவும், கிஸ்ப்ளோவும் இதே வேலைக்குச் சாதனம் செய்து உலகம் முழுவதும் விற்கின்றன.

தொடக்கத்தில் இந்தச் சாதனங்களில் வேலைத்தொடரை உருவாக்குவதற்குத்தான் வழி நிறைய இருந்தது. அதைக் கட்டி மேய்க்க வழி குறைவு. இப்போது புதுப்புது வசதிகள் வந்திருக்கின்றன. எத்தனை தொடர்கள் ஓடுகின்றன, எது நின்றது, எந்தப் படியில் நின்றது, யார் உருவாக்கியது என்று ஒரே திரையில் பார்க்கலாம். மாற்றம் செய்யும்போது வரைவாக வைத்துச் சோதிக்கலாம். தவறு என்று தெரிந்தால் பழையபடியே திருப்பிக்கொள்ளலாம்.

இது எவ்வளவு பெரிய காரியம் என்று ஊத்துக்கோட்டைக்காரர்களுக்கு நாம் விளக்க வேண்டியதே இல்லை. அவர்கள் ஊர் அருகில்தான் "ஜீரோ பாயிண்ட்" இருக்கிறது. ஆந்திராவின் கண்டலேறு அணையில் திறக்கிற கிருஷ்ணா நீர், 152 கிலோ மீட்டர் கால்வாயில் ஓடி வந்து அங்கேதான் தமிழ்நாட்டுக்குள் நுழைகிறது. பிறகு பூண்டி ஏரிக்குப் போகிறது. ஒப்பந்தப்படி சென்னைக்காக ஒதுக்கியது ஆண்டுக்கு 15 டி.எம்.சி. வழியில் 3 டி.எம்.சி. சேதாரம். எல்லையில் நமக்குக் கிடைக்க வேண்டியது 12 டி.எம்.சி. அணையில் திறந்துவிட்டோம் என்று சொன்னால் நாம் நம்பிவிடுகிறோமா? எல்லையில் ஆள் நின்று அளக்கிறார். அங்கே எவ்வளவு விட்டார்கள், இங்கே எவ்வளவு வந்தது என்று எழுதி வைக்கிறார்.

வேலைத்தொடருக்கும் அந்த அளவுகோல் வேண்டும். நூறு லாரிக்குப் பொத்தான் அழுத்தினோம். நூறு இ-வே பில் வந்ததா? இதை யாராவது பார்க்கிறார்களா?

பார்க்காவிட்டால் என்ன ஆகும்?

கும்மிடிப்பூண்டியிலிருந்து எல்லை கூப்பிடு தூரம். லாரி எல்லை தாண்டினால் அது வெளிமாநிலச் சரக்கு. 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்கு என்றால் இ-வே பில் கட்டாயம். வெளிமாநிலச் சரக்குக்கு இந்த விதி 2018 ஏப்ரல் 1 முதல் இருக்கிறது. 200 கிலோ மீட்டருக்கு ஒரு நாள் என்று கணக்கிட்டு அதற்கு ஆயுள் தருகிறார்கள். நாயுடுபேட்டையில் லாரி பழுதாகி, சரக்கை வேறு லாரிக்கு மாற்றினால், புதிய லாரியின் எண்ணை உடனே பதிய வேண்டும். லாரி பழுதானது மேகத்துக்குத் தெரியாது. யாராவது சொன்னால்தான் தெரியும்!

ஒழுங்கான பில் இல்லாமல் பிடிபட்டால், சரக்குக்காரர் முன்வந்து மீட்க வரியைப் போல் இரண்டு மடங்கு அபராதம். 2 லட்சம் ரூபாய்ச் சரக்கு, வரி 18 சதவீதம் என்றால், வரி 36,000. அபராதம் 72,000! பில் போடுகிற பிள்ளைக்கு இது எத்தனை மாதச் சம்பளம் என்று பெற்றோர்கள் கணக்குப் போட்டுப் பார்க்கட்டும்.

சட்டமும் மாறிக்கொண்டே இருக்கிறது. 2025 செப்டம்பர் 22-ந் தேதி ஜி.எஸ்.டி. விகிதங்கள் மாறின. சிமெண்டுக்கு 28 சதவீதமாக இருந்த வரி 18 ஆயிற்று. சோப்புக்கு 18-ஆக இருந்தது 5 ஆயிற்று. பேப்பரில் படித்த மனிதன் மறுநாள் புது வரி போடுவான். வேலைத்தொடர் பேப்பர் படிப்பது இல்லை! அதற்குள் யாரோ ஒருவர் "28" என்று எழுதி வைத்திருந்தால், யாரோ ஒருவர் போய் மாற்றுகிறவரை அது 28 என்றே பில் போடும். தூங்காது. சலிக்காது. கேள்வி கேட்காது.

அப்படி மாற்ற வேண்டியவர் யார்? அங்கேதான் வம்பு.

அனாதைத் தொடர்கள்

வேலைத்தொடரை உருவாக்கியவர் கெட்டிக்காரப் பையன். நல்ல சம்பளம் கிடைத்ததும் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். அது அவருடைய உரிமை. ஆனால் அவர் பேரில் ஓடிய தொடர் இங்கேயே இருக்கிறது. அதற்குச் சொந்தக்காரர் யாரும் இல்லை. இதற்குக் கம்ப்யூட்டர்க்காரர்கள் வைத்திருக்கிற பெயரே "அனாதைத் தொடர்" என்பதுதான்!

பவர் ஆட்டோமேட்டில் ஒரு தொடர் இடைவிடாமல் 14 நாள் தோற்றுக்கொண்டே இருந்தால், அது தானாக அணைக்கப்படும். அந்தச் செய்தி அதன் சொந்தக்காரருக்கு ஈமெயிலில் போகும். சொந்தக்காரர்தான் போய்விட்டாரே! கடிதம் ஆள் இல்லாத வீட்டு வாசலில் விழுகிறது. ஒரு தொடருக்கு இரண்டு பேரைச் சொந்தக்காரராகப் போடும் வசதி இருக்கிறது. போடுவதற்குத்தான் பலருக்கு மனம் வருவது இல்லை.

நின்றுபோனால் ஒரு கஷ்டம். நிற்காமல் ஓடினால் அதைவிடப் பெரிய கஷ்டம். அமெரிக்காவில் நைட் கேபிடல் என்று ஒரு பங்குச்சந்தைக் கம்பெனி. 2012-ல் அதன் எட்டுக் கம்ப்யூட்டர்களில் ஏழுக்குப் புது நிரல் போட்டார்கள். ஒன்றை விட்டுவிட்டார்கள். ஆகஸ்ட் 1-ந் தேதி, அதில் பல வருஷமாகத் தூங்கிக்கொண்டிருந்த பழைய நிரல் விழித்துக்கொண்டது. கண்டபடி பங்குகளை வாங்கித் தள்ளியது. 45 நிமிஷத்தில் 44 கோடி டாலருக்கு மேல் நஷ்டம்!

கம்பெனிக்கு நஷ்டம் வந்தால் முதலாளி பார்த்துக்கொள்வார் என்று சிலர் நினைக்கலாம். நமக்கு முதலாளியைவிட அந்த மேஜையில் உட்கார்ந்திருக்கிற பிள்ளையைப் பற்றித்தான் கவலை.

28 நாளும் 72 மாதமும்

ஜி.எஸ்.டி. சட்டப்படி கணக்குகளை, ஆண்டு அறிக்கை கொடுக்க வேண்டிய தேதியிலிருந்து 72 மாதம் பாதுகாத்து வைக்க வேண்டும். அதாவது 6 வருஷம். ஆனால் பவர் ஆட்டோமேட்டில் ஒரு தொடர் எப்போது ஓடியது, எந்தப் படியில் என்ன செய்தது என்ற ஓட்டக் குறிப்பு 28 நாள்தான் இருக்கும். பில் மிஞ்சும். அந்த பில் பிறந்த கதை மறைந்துவிடும்.

இரண்டு வருஷம் கழித்து ஒரு அதிகாரி வந்து, "இந்த பில்லில் ஏன் தவறான வரி?" என்று கேட்டால், முதலாளி மானேஜரைப் பார்ப்பார். மானேஜர் பில் போடுகிற பெண்ணைப் பார்ப்பார். "நான் போடவில்லை, அதுவாக விழுந்தது" என்று அந்தப் பெண் சொல்வாள். யார் நம்புவார்கள்?

இது வீண் பயம் அல்ல. இங்கிலாந்தில் நடந்திருக்கிறது. அங்கே தபால் ஆபீஸ் கணக்குக்கு "ஹொரைசன்" என்று ஒரு கம்ப்யூட்டர் முறையை வைத்தார்கள். அது தவறாகக் கணக்குப் போட்டது. பணம் குறைவதாகக் காட்டியது. கம்ப்யூட்டர் பொய் சொல்லாது என்று மேலே இருந்தவர்கள் சாதித்தார்கள். 1999-க்கும் 2015-க்கும் இடையில் 900-க்கும் மேற்பட்டவர்கள் திருடர்கள் என்று தண்டிக்கப்பட்டார்கள்.

அவர்களில் ஒருவர் சீமா மிஸ்ரா. இந்திய வம்சாவளிப் பெண். 74,000 பவுனைத் திருடியதாக வழக்கு. 2010 நவம்பரில் அவரைச் சிறைக்கு அனுப்பினார்கள். அப்போது அவர் கர்ப்பிணி. அன்று அவருடைய மூத்த மகனுக்குப் பத்தாவது பிறந்த நாள்! 2021 ஏப்ரலில்தான் அவர் குற்றமற்றவர் என்று கோர்ட்டு தீர்ப்புச் சொன்னது. கிளையில் இருப்பவர்களுக்குத் தெரியாமல், தூரத்தில் இருந்தபடியே கணக்குக்குள் கைவைக்க முடியும் என்பதும் பிறகு வெளியே வந்தது. அதற்குள் பத்து வருஷத்துக்கு மேல் போயிற்று.

தான் சொன்னது உண்மை என்று காட்ட, அந்த அம்மாளின் கையில் ஒரு காகிதம்கூட இல்லை. கம்ப்யூட்டர் என்ன செய்தது என்ற குறிப்பு முழுவதும் மேலிடத்தின் கையில் இருந்தது.

ஆகவே புதிய வசதிகளை வாங்குகிற கம்பெனிகளிடம் நாம் கேட்பது இதுதான். அந்த ஓட்டக் குறிப்பு உங்கள் கம்ப்யூட்டர் அறைக்கு மட்டும் உரியது என்று வைக்காதீர்கள். பில் மேஜையில் இருக்கிறவரும் பார்க்கட்டும். மாற்ற உரிமை கொடுக்காமல், பார்க்க மட்டும் உரிமை கொடுக்கலாமே! 28 நாள் முடிவதற்குள் அதை வேறு இடத்தில் பதிந்து வையுங்கள். அதையும் ஒரு வேலைத்தொடரைக் கொண்டே செய்துவிடலாம், ஆள்கூட வேண்டாம். ஒவ்வொரு தொடருக்கும் இரண்டு சொந்தக்காரர் பெயரை எழுதி ஆபீஸ் சுவரில் ஒட்டுங்கள். ஒருவர் வேலையை விட்டுப் போகிற நாளில், சாவிக்கொத்தை வாங்குவது போல அவர் பேரில் உள்ள தொடர்களையும் எழுதி வாங்குங்கள்.

பெரிய தொகை, புது வாடிக்கையாளர், வெளிமாநிலச் சரக்கு என்றால், நடுவில் ஒரு மனிதர் பார்த்து "சரி" என்று சொன்ன பிறகே அடுத்த படிக்குப் போகும்படி நிறுத்தி வைக்கவும் வசதி இருக்கிறது. நேரம் ஆகிறது என்று அதை எடுத்துவிடுகிறவர்கள் உண்டு. ஐந்து நிமிஷம் தாமதமா, 72,000 ரூபாயா என்று அவர்களே முடிவு செய்யட்டும்.

இன்னும் ஒன்று. தொடர் நின்றுபோனால் வருகிற எச்சரிக்கை பெரும்பாலும் ஆங்கிலத்தில், அதிலும் கம்ப்யூட்டர் ஆங்கிலத்தில் வருகிறது. கேட்டில் நிற்கிற காவலாளிக்கு அது என்ன புரியும்? அந்தச் செய்தியில் என்ன எழுத வேண்டும் என்பது தொடரை உருவாக்குகிறவர் கையில்தான் இருக்கிறது. "இ-வே பில் வரவில்லை. லாரியை வெளியே விடாதீர்கள்" என்று தமிழிலேயே எழுதலாம். காவலாளியின் செல்போனுக்கும் அனுப்பலாம். இதற்குப் புதிதாக எதுவும் வாங்க வேண்டாம். பத்து நிமிஷ வேலை. நாளை திங்கட்கிழமையே செய்துவிடலாம்.