பினாப்தலீனா, மெத்தில் ஆரஞ்சா? மனப்பாடம் மட்டும் போதுமா?

பிளஸ் 2 வேதியியல் ஆய்வகத்தில் வருடா வருடம் பார்க்கும் காட்சிதான். பியூரெட்டில் ஒரு கரைசல், கூம்புக் குடுவையில் இன்னொன்று. எந்த நிறங்காட்டி என்பது பதிவேட்டிலேயே எழுதியிருக்கும். மாணவர் இரண்டு சொட்டு விடுவார். நிறம் மாறியதும் அளவைக் குறிப்பார். 'ஏன் இந்த நிறங்காட்டி?' என்று கேட்டால், 'புக்குல அப்படித்தான் சார் போட்டிருக்கு' என்பதோடு பல நேரம் முடிந்துவிடுகிறது.

ஆனால் இந்த 'ஏன்' தெரியாவிட்டால் விடையே தலைகீழாகிவிடும்.

நிறங்காட்டிக்கு என்ன தெரியும்?

அமிலம் தீர்ந்துவிட்டதா என்பது நிறங்காட்டிக்குத் தெரியாது. அதற்குத் தெரிந்தது பிஹெச் மட்டும்தான். மெத்தில் ஆரஞ்சு, பிஹெச் 3.1-லிருந்து 4.4-க்குள் சிவப்பிலிருந்து மஞ்சளாகும். பினாப்தலீன் சுமார் 8.3-லிருந்து 10-க்குள் நிறமற்ற நிலையிலிருந்து இளஞ்சிவப்பாகும்.

அமிலமும் காரமும் சரிக்குச் சரியாகத் தீரும் இடம்தான் சமானப் புள்ளி. அங்கே பிஹெச் சட்டென்று தாவும். அந்தத் தாவலுக்குள் நிறம் மாறுகிற காட்டியே சரியான காட்டி. விதி அவ்வளவுதான்.

ஹைட்ரோகுளோரிக் அமிலம், சோடியம் ஹைட்ராக்சைடு இரண்டும் வலிமையானவை. 0.1 மோலார் கரைசல்களில் கடைசி ஒரு சொட்டிலேயே பிஹெச் சுமார் 4-லிருந்து 10 அருகே போய்விடும். இரண்டு காட்டியுமே வேலை செய்யும். 'எதைப் போட்டா என்ன?' என்ற நினைப்பு இங்கேதான் பிறக்கிறது.

வினிகரில் மாட்டிக்கொள்ளும்

வினிகரில் இருப்பது அசிட்டிக் அமிலம், வலிமை குறைந்தது. சோடியம் ஹைட்ராக்சைடுடன் தரம் பார்த்தால் சமானப் புள்ளி பிஹெச் 8.7 அருகே வரும். பினாப்தலீன் கச்சிதமாகப் பொருந்தும். மெத்தில் ஆரஞ்சு போட்டால்? அமிலத்தில் சுமார் 30 விழுக்காடு தீர்ந்ததுமே பிஹெச் 4.4 ஆகிவிடும், காட்டியும் மஞ்சளாகிவிடும். 4 விழுக்காடு அமிலம் உள்ள நல்ல வினிகர், கணக்கில் 1.2 விழுக்காடாகத் தெரியும். கலப்படம் என்றே முடிவு கட்டிவிடலாம். தப்பு வினிகரில் இல்லை, சொட்டு மருந்து போல விட்ட அந்த இரண்டு துளியில்!

அம்மோனியாவை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் தரம் பார்க்கும்போது கதை மாறும். சமானப் புள்ளி 5.3 அருகே. அங்கே மெத்தில் ரெட் பொருந்தும். பினாப்தலீன் நிறத்தை முன்னாலேயே இழந்துவிடும். இரண்டுமே வலிமை குறைந்தவை என்றால் தாவலே தெளிவாக இருக்காது. எந்தக் காட்டியும் உதவாது. பிஹெச் மீட்டரோ மின்கடத்துத்திறன் அளவீடோதான் கைகொடுக்கும்.

குடிநீர்ச் சோதனையில் இதே குணத்தையே ஆயுதமாக்குகிறார்கள். ஒரே மாதிரி நீரில் முதலில் பினாப்தலீன், அடுத்து மெத்தில் ஆரஞ்சு. இரண்டு அளவுகளையும் ஒப்பிட்டால் கார்பனேட் எவ்வளவு, பைகார்பனேட் எவ்வளவு என்று பிரித்துச் சொல்லிவிடலாம்.

மாற வேண்டியது என்ன?

நிறங்காட்டியின் பெயரைக் கொடுத்துவிட்டுச் சோதனை செய்யச் சொல்வது, விடையைக் கொடுத்துவிட்டுக் கணக்குப் போடச் சொல்வது மாதிரி. அமிலம், காரம் இரண்டின் பெயரை மட்டும் கொடுத்து, காட்டியை மாணவரே தேர்ந்தெடுத்துக் காரணம் எழுதட்டும். ஒரு முறை வேண்டுமென்றே தவறான காட்டியைப் போட்டு, விடை எவ்வளவு விலகுகிறது என்றும் பார்க்கட்டும். நாளை பால் பண்ணையிலோ மருந்து ஆலையிலோ அவர்கள் தரும் எண்ணை நம்பித்தான் மற்றவர்கள் முடிவெடுப்பார்கள். அங்கே எல்லாவற்றுக்கும் பதிவேட்டில் பதில் எழுதியிருக்காது.