கொல்லையும் கொலையும்

சுத்தம் என்ற சொல்லின் பெயரால் நம் வீடுகளில் நடக்கிற அக்கிரமங்களைப் பற்றி யாராவது எழுதத்தான் வேண்டும். விஷயம் தெரிந்த பெரியவர்கள் எழுதுவார்கள் என்று இத்தனை நாள் பொறுத்திருந்தேன். அவர்கள் எழுதுகிற வழியாக இல்லை. ஆகவே கதை எழுதிப் பிழைக்கிற நானே துணிந்து விட்டேன்.

மாசி மாதத்தை எடுத்துக் கொள்ளுங்கள். பின்பனிக் காலம் என்று நம் முன்னோர் பெயரிட்ட பருவம் அதில்தான் ஆரம்பிக்கிறது. வேப்ப மரம் இலை உதிர்க்கிற காலமும் அதுதான். விடிந்து பார்த்தால் கொல்லை முழுவதும் பழுத்த இலை. அதைக் கண்டதும் நம்மவர்களுக்கு ஓர் ஆவேசம் வந்து விடுகிறது. விளக்குமாற்றை எடுத்துப் பரபரவென்று கூட்டுகிறார்கள், குவிக்கிறார்கள், ஒரு தீக்குச்சியைக் கிழித்துப் போடுகிறார்கள். புகை அடுத்த வீட்டு மாடிக்குப் போய் அங்கே இருக்கிற கிழவரை இரும வைக்கிறது. சாம்பலைப் பார்த்து, "அப்பாடா, இப்போதுதான் சுத்தமாயிற்று!" என்று திருப்தியோடு காப்பி குடிக்கப் போகிறார்கள்.

என்ன சுத்தமாயிற்று? நேயர்களில் யாருக்காவது கொல்லை என்று ஒன்று இன்னும் மிச்சம் இருந்தால், கொளுத்துவதற்கு முன்னால் ஒரே ஒரு தடவை அந்தச் சருகை ஒரு குச்சியால் புரட்டிப் பாருங்கள். நான் பூச்சி சாஸ்திரம் படித்தவன் அல்ல. கல்லூரி வாசலை மிதித்தது இரண்டே வருஷம். ஆனால் கண் இருக்கிறது, பொழுதும் இருக்கிறது. போன வாரம் ஒரு முறம் சருகுக்குள் நான் கண்டவை: பனியில் விறைத்த பொறிவண்டு ஒன்று, மண்ணைக் குடைந்து கொண்டு ஓடிய பிள்ளைப்பூச்சி ஒன்று, பெயர் தெரியாத கறுப்பு வண்டுகள் ஏழெட்டு, சுருண்டு கிடந்த மரவட்டைகள். (மரவட்டை பூச்சி இனம் அல்ல என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எனக்குக் கடிதம் எழுத வேண்டாம். தெரியும்.) பக்கத்து அவரைக் கொடியில் ஒரு தட்டான், இறக்கை முழுவதும் பனித்துளியோடு, தொட்டால்கூடப் பறக்காமல் உட்கார்ந்திருந்தது.

பறக்காமல் இருந்ததற்குக் காரணம் உண்டு. நமக்கு இருப்பது போல் பூச்சிகளுக்கு உடம்புக்குள் அடுப்பு கிடையாது. வெயில் ஏறி உடம்பு சூடாக வேண்டும். அப்புறம்தான் இறக்கை வேலை செய்யும். பனிக்காலத்து விடியற்காலையில் அவை ஓடவும் திராணியற்று, சருகைப் போர்த்திக் கொண்டு சூரியனுக்காகக் காத்துக் கிடக்கின்றன. அந்த வேளை பார்த்துத்தான் நாம் தீ வைக்கிறோம். தூங்குகிற ஊருக்குக் கொள்ளி வைப்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று எனக்கு விளங்கவில்லை.

கறிவேப்பிலைச் செடிக்கு வாருங்கள். இலைமேல் காக்கை எச்சம் போல ஏதோ ஒட்டிக் கொண்டிருக்கும். உற்றுப் பார்த்தால் அது ஊர்கிறது! எதிரி கண்ணுக்கு எச்சமாகத் தெரிய வேண்டும் என்று புழு போட்டுக் கொண்டிருக்கிற வேஷம் அது. கொஞ்சம் வளர்ந்ததும் வேஷத்தைக் கலைத்துவிட்டு இலைப்பச்சையாக மாறுகிறது. விரலால் சீண்டினால் தலைக்குப் பின்னாலிருந்து செந்நிறக் கொம்பு இரண்டை நீட்டி ஒரு நெடியை வீசுகிறது. இத்தனை சாமர்த்தியமும் நம் வீட்டு அம்மாளிடம் பலிப்பதில்லை. "ஐயோ, புழு!" என்ற ஒரு கூச்சல், பிறகு செருப்பு. அதே அம்மாள் அன்று மாலை கடைக்குப் போய், வண்ணத்துப் பூச்சிப் படம் போட்ட கவுன் ஒன்றைப் பேத்திக்கு வாங்கி வருகிறாள். செருப்படி பட்ட புழு பிழைத்திருந்தால் அந்த வண்ணத்துப் பூச்சியாகத்தான் ஆகியிருக்கும் என்று அவளுக்கு யார் சொல்வது? புழு வேண்டாம், பூச்சி மட்டும் வேண்டும் என்றால் பகவான் எங்கே போவார்!

கரு வண்டின் கதை இதைவிடப் பரிதாபம். காய்ந்த மரத்தையும் மூங்கிலையும் துளைத்துக் குடியிருக்கிறதே, அதுதான். உத்தரத்தைப் பாழாக்குகிறது என்று அதை விரட்டி விரட்டி அடிக்கிறார்கள். அடித்து விட்டு, "முருங்கை பூவாய்ப் பூத்துக் கொட்டுகிறது, காய்தான் பிடிக்கவில்லை" என்று என்னிடம் வந்து குறைப்படுகிறார்கள். முருங்கைப் பூவுக்கு மகரந்தம் சுமக்கிற கூலி ஆள்களில் முக்கியமானது அந்த வண்டுதான். ஆளை அடித்துப் போட்டுவிட்டு வேலை நடக்கவில்லை என்றால் நான் என்ன செய்ய?

எல்லாப் பூச்சியும் சாது என்று நான் சாதிக்க வரவில்லை. முருங்கை மரத்தில் அப்பிக் கொண்டு கிடக்கிற கம்பளிப் பூச்சி மேலே பட்டால் உடம்பெல்லாம் தடித்துப் போகும். எருக்குழியில் வளர்கிற காண்டாமிருக வண்டு தென்னங் குருத்தைத் துளைக்கும். அவற்றைப் பொறுக்கி அப்புறப்படுத்துங்கள். வேண்டாம் என்று யார் சொன்னது? வீட்டில் ஒரு திருடன் புகுந்தான் என்பதற்காகத் தெருவில் இருப்பவர்களையெல்லாம் தூக்கில் போடுகிறார்களே, அதைத்தான் ஆட்சேபிக்கிறேன்.

எங்கள் தெருவிலும் ஒரு சங்கம் இருக்கிறது. மாசி பிறந்ததும் ஒரு சுற்றறிக்கை வந்தது. வீட்டுக்கு முந்நூறு ரூபாய். எல்லாக் கொல்லையிலும் மருந்து அடித்துப் பூச்சியை 'அடியோடு ஒழிப்பதாக' உத்தேசம். காரணம் கேட்டால், "கொசு சார், கொசு!" என்றார் காரியதரிசி.

கொசு சருகில் முட்டை இடுவதில்லை, ஐயா. தண்ணீரில் இடுகிறது. டெங்குக் கொசு வளர்வது மூடாத தொட்டியிலும், பழைய டயரிலும், தேங்காய் ஓட்டிலும். அவற்றைக் கவிழ்க்க மருந்து வேண்டாம், கை போதும். மருந்தின் மகத்துவத்தையும் நாம் பார்க்காதவர்கள் அல்லவே! டி.டி.டி. பூச்சியைக் கொல்லும் என்று கண்டவருக்கு 1948-ல் நோபல் பரிசே கொடுத்தார்கள். நம் நாட்டில் 1953-லிருந்து வீடு வீடாக அடித்தார்கள். அதனால் லட்சோப லட்சம் உயிர் பிழைத்தது. அதை மறுப்பவன் நன்றி கெட்டவன். 1965-ல் மலேரியா ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் அளவுக்கு இறங்கி விட்டது. ஆனால் கொசு அந்த விஷத்தைத் தாங்கப் பழகிக் கொண்டது. நாமும் அசட்டையாக இருந்தோம். 1976-ல் 64 லட்சம் பேர் மறுபடியும் படுத்தார்கள். பயிருக்கு அதை அடிக்கக் கூடாது என்று 1989-ல் தடை வந்தது.

கொசுவே பழகிக் கொண்டது. பொறிவண்டு பழகிக் கொள்ளுமா? அவரைக் கொடியில் அசுவினி அடையாக அப்பிக் கிடக்கிறது என்று மருந்து அடிக்கிறீர்கள். அசுவினி செத்தது, அதைத் தின்ன வந்த பொறிவண்டும் செத்தது. அசுவினிக்குக் கல்யாணம்கூட வேண்டாம். தாய் தனியாகவே குட்டி போட்டுத் தள்ளும். பத்து நாளில் அது திரும்பி வந்து விடுகிறது. பொறிவண்டு வர மாசங்கள் ஆகும். அதற்குள் நீங்கள் மறுபடியும் மருந்துக் கடை வாசலில் நிற்கிறீர்கள்.

ஜெர்மனியில் பாதுகாக்கப்பட்ட இயற்கைப் பகுதிகளில் 27 வருஷம் பறக்கும் பூச்சிகளை வலையில் பிடித்து எடை போட்டுக் கொண்டே வந்தார்கள். கணக்கை 2017-ல் வெளியிட்டார்கள். எடை முக்கால் பங்குக்கு மேல் குறைந்திருந்தது! காவல் போட்ட இடத்திலேயே இந்தக் கதி.

அரிசிமாக் கோலம் எறும்புக்கு அன்னதானம் என்று மேடை தோறும் பெருமை பேசுகிறோம். கோலமோ இப்போது கல்மாவில், கொல்லையிலோ விஷம். எறும்பு எந்தப் பக்கமாக வந்து இந்தத் தர்மத்தை வாங்கிக் கொள்ளும்?

காரியதரிசிக்குப் பதில் எழுதி அனுப்பி விட்டேன். மருந்துக்கு என் பங்கு முந்நூறு ரூபாய் தருவதற்கில்லை. தெருவில் உள்ள தண்ணீர்த் தொட்டிகளுக்குக் கொசுவலை கட்டுவதானால் அறுநூறாகத் தருகிறேன். என் வீட்டு வேப்பஞ்சருகு மதில் ஓரமாகக் குவிந்து கிடக்கும். சித்திரை வரை அதை யாரும் தொடக் கூடாது. இது எழுதுகிற வரையில் பதில் இல்லை. மருந்துத் தகரத்தோடு ஆள் வரும் தேதி மட்டும் அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறது: வருகிற ஞாயிறு, காலை ஆறு மணி. பூச்சிகள் விறைத்துக் கிடக்கிற அதே நேரம்.