சும்மா கிடந்த நிலமா?

கொடுங்கையூர் குப்பைமேட்டைப் பற்றி யாரிடம் பேச்சுக் கொடுத்தாலும் இரண்டு நிமிடத்துக்குள் இது வந்துவிடும்: "சும்மா கெடந்த சேத்து நெலம் சார். அதான் அங்க கொட்ட ஆரம்பிச்சாங்க." மாநகராட்சி ஊழியர் சொல்வார், ஷேர் ஆட்டோக்காரர் சொல்வார், பெரம்பூரில் பிளாட் வாங்கிவிட்டு ஜன்னலைத் திறக்க முடியாமல் தவிப்பவரும் சொல்வார். வேடிக்கை என்னவென்றால், அந்தப் புகையைத் தின்றே வளர்ந்தவர்களிலும் சிலர் இதைச் சொல்கிறார்கள். எனக்கு அந்தச் 'சும்மா' மீதுதான் கோபம்.

சும்மா கிடக்கும் நிலம் என்று ஒன்று கிடையாது. வரி கட்டாத நிலம் உண்டு. தீர்வை தருவது ஒரு பக்கம், தராதது மறுபக்கம் என்று வருவாய்க் கணக்கில் பிரித்தபோது ஏரியும் மேய்க்காலும் சுடுகாடும் கழியும் புறம்போக்குக்குப் போயின. ஊருக்கே பொதுவானதைக் குறித்த அந்தச் சொல் பிறகு ஆளைத் திட்டுகிற வசவாகவும் ஆனது. அயர்லாந்திலும் இதே கூத்துதான். சதுப்பு மிதிக்கிறவன் என்பது ஐரிஷ்காரனுக்கு ஆங்கிலேயர் வைத்த ஏளனப் பெயர். நிலத்தை மட்டம் தட்டினால் அதில் நிற்கிற ஆளையும் ஒரே அடியில் தட்டிவிடலாம்.

இத்தனைக்கும் நம் மொழி சேற்றுக்குக் கஞ்சத்தனம் பார்த்ததில்லை. சேறு, சகதி, தொளி, அள்ளல், உளை, களர் என்று அடுக்கிக்கொண்டே போகலாம். ஐந்திணையில் ஒன்றுக்குப் பெயர் கொடுத்ததே கழியில் பூக்கிற நெய்தல் பூ. உப்பு விளைந்த இடம் அளம். அதை வண்டியேற்றி ஊர் ஊராகப் போனவர் உமணர். எல்லாவற்றையும் விடுங்கள், சைவர்களுக்குக் 'கோயில்' என்றாலே தில்லை. தில்லை என்பது என்ன? உவர்ச்சேற்றில் வளரும் ஒரு மரம். ஒடித்தால் வடிகிற பால் கண்ணில் பட்டால் கண்ணே போய்விடும் என்பார்கள். பிச்சாவரத்தில் இன்றும் நிற்கிறது. ஆடவல்லான் தன் அம்பலத்துக்குத் தேர்ந்தெடுத்தது அந்தக் காட்டைத்தான். நல்லவேளை, அப்போது அங்கே குப்பைக் கிடங்குக்கு இடம் தேடி எந்த அதிகாரியும் வரவில்லை.

வடசென்னைக்கு வருவோம். எண்ணூரில் முகத்துவாரக்குப்பம் என்று ஓர் ஊர் இருக்கிறது. கொசஸ்தலை ஆறு கடலைச் சேரும் வாய் எங்கே என்று தனியாகக் கேட்கவே வேண்டாம். அந்தக் கழியில் இருளர்கள் எறா பிடிப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? வலை கிடையாது, தூண்டில் கிடையாது. தண்ணீரில் இறங்கி, ஓலைப் பறியின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் அடிச்சேற்றைத் துழாவியபடியே போவார்கள். தட்டுப்படுவது கல்லா, சிப்பியா, எறாவா என்று விரல்தான் முடிவு செய்யும். எறா என்றால் மறுநொடி பறிக்குள். அனல்மின் நிலையத்துச் சாம்பல் கழியில் படிய ஆரம்பித்ததை அறிக்கை எழுதியவர்களுக்கு முன்பே கண்டுகொண்டவை இந்த விரல்கள்தாம்.

காகிதம் சொல்வது வேறு. 1996இல் மத்திய அரசு ஒப்புதல் கொடுத்த கடலோர மேலாண்மை வரைபடத்தில் எண்ணூர்க் கழி இருந்தது. தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டபோது 2017இல் வெளியே வந்த இன்னொரு வரைபடத்திலோ 6,000 ஏக்கருக்கு மேல் கழியைக் காணோம். தினமும் அதில் படகு விடுகிறவர்களுக்கு இது எவ்வளவு பெரிய செய்தியாக இருந்திருக்கும்! 'சும்மா' முற்றினால் இப்படித்தான் ஆகும். முதலில் அங்கே ஒன்றுமில்லை என்பார்கள், பிறகு அந்த இடமே இல்லை என்பார்கள்.

சதுப்பை நேசிக்கிறவர்கள் மட்டும் இதில் தப்பினார்களா? பள்ளிக்கரணைச் சதுப்பு 2022இல் ராம்சர் என்ற உலக ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது, சந்தோஷம். ஆனால் அவர்கள் பேச்சிலும் பறவை வரும், மீன் வரும், வெள்ளம் வடிவது வரும். கால் வைத்து வாழ்ந்த மனிதர் மட்டும் வரமாட்டார். 2017ஆம் ஆண்டின் ஈரநில விதிகளோ உப்பெடுக்கவென்று அமைத்த பாத்திகளை ஈரநிலக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. மனிதக் கை பட்டால் தீட்டு போலிருக்கிறது.

1950இல் டென்மார்க்கில் அடுப்பெரிக்கச் சதுப்புமண் வெட்டியவர்கள், கழுத்தில் கயிறோடு ஒரு மனிதனின் உடலைக் கண்டார்கள். யாரோ சமீபத்தில் கொலை செய்துவிட்டார்கள் என்று போலீசுக்குச் சொல்லி அனுப்பினார்கள். ஆள் இறந்து 2,000 ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. இன்று டோலுண்ட் மனிதன் என்று உலகமே பேசுகிறது. அந்த ஊர்ச் சதுப்பின் புளித்த, காற்றுப் புகாத நீர் தோலைக்கூடப் பதப்படுத்தி வைத்துவிடும். நம் வெக்கைக்கும் உப்புக்கும் அந்தக் கொடுப்பினை இல்லை. கோரைக்கூடை மக்கிவிடும், பறி மக்கிவிடும், தோணியும் மக்கிவிடும். மிஞ்சுவது வாய்ச்சொல். ஆகவே கல்வெட்டு எங்கே, பானையோடு எங்கே என்று கேட்டுவிட்டு 'வரலாறு இல்லை' என்று கையை விரிப்பது, சேற்றின் குணம் தெரியாத பேச்சு.

வாய்ச்சொல்லை நம்பலாமா என்று கேட்பீர்கள். ஆண்டைத் தப்பாகச் சொல்வார்கள்தான். பத்துப் பேரிடம் கேட்டு, பழைய சர்வே வரைபடத்தோடு வைத்துப் பார்த்தால் தப்பு பிடிபடும். கழியையே தொலைத்த வரைபடத்தை நம்பியவர்கள் ஒரு கிழவியின் ஞாபகத்தில் பத்து வருடப் பிசகைப் பெரிதுபடுத்த வேண்டாம். 1937 முதல் 1939 வரை அயர்லாந்து ஒரு வேலை செய்தது. சுமார் 5,000 பள்ளிகளின் பிள்ளைகளிடம் நோட்டைக் கொடுத்து, வீட்டுப் பெரியவர்கள் சொல்வதை எழுதி வரச் சொன்னது. இன்றும் அந்த நாட்டின் பெரிய ஆவணக் களஞ்சியங்களில் அது ஒன்று. கொடுங்கையூர்ப் பள்ளிப் பிள்ளைகளுக்கு எழுதத் தெரியாதா?

அவசரம் இருப்பதால்தான் கேட்கிறேன். கொடுங்கையூரில் சுமார் 66 லட்சம் டன் பழைய குப்பையைத் தோண்டிச் சலித்து, 250 ஏக்கர் அளவுக்கு நிலத்தை மீட்கப்போவதாகத் திட்டம். மீட்ட நிலத்தில் என்ன வரும்? குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் ஆலை வரக்கூடாது என்று 2025 மே மாதம் இந்தப் பகுதி மக்கள் மனிதச் சங்கிலியாக நின்றார்கள். கீழடியில் ஓர் அடி தோண்டினால் நாடே குனிந்து பார்க்கிறது. இங்கே மலையையே தோண்டும்போது அடியில் இருந்தது என்ன என்று ஒருவரும் கேட்பதில்லை. 'சும்மா கிடந்தது' என்ற பதில் தயாராக இருக்கும்வரை அடுத்த புகைபோக்கிக்கும் இடம் தயார்தான்.

குப்பைமேட்டுக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு ஆயாவிடம் செல்போனில் செயற்கைக்கோள் படத்தைக் காட்டினேன். சாம்பல் நிறத் திட்டு மீது விரலை வைத்து நகர்த்தினார். "இங்க கோரை அறுப்போம். இப்புடிக்கா வாய்க்கா. மழ வுட்ட மறுநாளு கூடையப் போட்டா கெளுத்தி அள்ளலாம்." நான் நோட்டில் எழுதிக்கொண்டே இருந்தேன்.

"இன்னா எழுதிக்கினே? படி பாப்போம்."

"அக்காலத்தில் இப்பகுதி சதுப்பு நிலமாக இருந்தது."

"சதுப்பா? அப்படின்னா இன்னா?"

விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

"அத்த அடிச்சுடு நைனா. பள்ளம்னு எழுது. எங்க பள்ளம்."