பதினொண்ணா... பன்னெண்டா?

மயிலாப்பூர் நாகேஸ்வர ராவ் பூங்காவில் காலை ஆறு மணிக்கு வாக்கிங் வருகிறவர்கள் எந்த உறுப்புக்கு அதிகப் பயிற்சி கொடுக்கிறார்கள் என்று கேட்டால் தயங்காமல் பதில் சொல்வேன்: வாய். மாப்பிள்ளையின் அமெரிக்க விசா, ஃபிக்ஸட் டெபாசிட் வட்டி, அபார்ட்மெண்ட் செக்ரட்டரியின் அராஜகம், நேற்று ராத்திரி மேட்சில் அந்தப் பையனை எதற்காக ஏழாவதாக இறக்கினார்கள்... விஷயம் சூடு பிடித்தால் கால் தானாக நின்றுவிடும். முக்கியமான பாயிண்டை நடந்துகொண்டே சொல்ல நம்மவர்களுக்கு வராது. நின்று, எதிராளியின் முழங்கையைப் பிடித்துக்கொண்டுதான் சொல்ல வேண்டும். பின்னால் வருகிறவர்கள் டிராஃபிக் ஜாமில் மாட்டிக்கொள்வார்கள். எல்லாம் முடிந்து பக்கத்து ஓட்டலில் பொங்கல், வடை. செலவழித்த கலோரி வட்டியோடு வீடு திரும்பும்.

குறை சொல்லவில்லை. பேச்சுத் துணைக்கு ஆள் இருப்பதால்தான் பாதிப் பேர் படுக்கையை விட்டே எழுந்து வருகிறார்கள். நடையின் வேகம் சரிதானா என்று பார்க்க டாக்டர்கள் சொல்லும் சுலபமான சோதனையே பேச்சுதான். மிதமான வேகத்தில் நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது. பூங்காவில் ஒரு பெரியவர் தினமும் கல்யாணி ராகத்தை விஸ்தாரமாக ஆலாபனை செய்துகொண்டே நடக்கிறார். சங்கீதம் பிரமாதம். நடைதான் போதாது.

உலக சுகாதார நிறுவனம் 2020-ல் ஒரு கணக்குக் கொடுத்தது. பெரியவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிஷம் மிதமான வேகத்தில் உடம்பை அசைக்க வேண்டும். நம்மில் பலர் இத்தோடு படிப்பதை நிறுத்திவிடுகிறோம். அதே கணக்கின் அடுத்த வரி: வாரத்தில் இரண்டு நாளாவது தசைகளுக்கு வலு சேர்க்கும் பயிற்சி. இந்தியாவில் சர்க்கரை நோய் உள்ளவர்கள் 10 கோடிப் பேர் என்று 2023-ல் ஐ.சி.எம்.ஆர். ஆய்வு வெளிவந்தது. நாம் சாப்பிடும் இட்லியில் இருக்கிற சர்க்கரையைப் பெரும்பாலும் வாங்கிச் செலவழிக்கிறவை தசைகள்தான். கடைக்காரரே கடையை மூடிக்கொண்டு போனால் சரக்கு எங்கே போகும்? ரத்தத்திலேயே தேங்கும்.

அந்த இரண்டு நாளுக்காகத்தான் எங்கள் பேட்டையில், ஒரு மருந்துக்கடையின் மாடியில் இருக்கும் ஜிம்முக்குப் போகிறேன். அங்கே மூன்று ஜாதி மனிதர்கள் உண்டு.

முதலாமவர் கண்ணாடிக்காரர். ஒவ்வொரு செட் முடிந்ததும் பனியனைத் தூக்கி வயிற்றைப் பார்த்துக்கொள்வார், பத்து நிமிஷத்துக்கு முன்னால் பார்த்ததற்கு இப்போது மாறியிருக்கிறதா என்று. இரண்டாமவர் ஆலோசகர். தாம் எதையும் தூக்கமாட்டார். தூக்குகிறவர்களிடம் போய், "முட்டிய கொஞ்சம் உள்ள வாங்குங்க" என்பார். மூன்றாமவர்தான் மெஜாரிட்டி: செல்போன்காரர்.

ஒரு நாள் செல்போன்காரர் ஒருவரைக் கடிகாரம் வைத்துக் கவனித்தேன். பெஞ்சில் படுத்தார். பன்னிரண்டு தடவை தூக்கினார். தடவைக்கு மூன்று விநாடி. மொத்தம் 36 விநாடி. எழுந்து உட்கார்ந்து போனை எடுத்தார். முகத்தில் புன்னகை, பிறகு கவலை, பிறகு மறுபடி புன்னகை. பதினோரு நிமிஷம். அடுத்த செட். ஒரு மணி நேரத்தில் ஐந்து செட். கூட்டிப் பாருங்கள்: மூன்று நிமிஷம் உடற்பயிற்சி, ஐம்பத்தேழு நிமிஷம் விரல் பயிற்சி.

அவரே அன்று மாஸ்டரிடம் வருத்தப்பட்டார். "ஆறு மாசமா வர்றேன் மாஸ்டர். ஒரு சேஞ்சும் தெரியலையே?"

மாஸ்டருக்கு இருபத்தைந்து வயதுதான் இருக்கும். முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு சொன்னார்: "அப்படிச் சொல்லாதீங்கண்ணே. கட்டை விரல் நல்லா டெவலப் ஆயிருக்கு."

செட்டுக்கு நடுவே ஓய்வு எடுப்பது தப்பே இல்லை. அது பயிற்சியின் ஒரு பகுதி. சாதாரண எடைக்கு ஒன்று, ஒன்றரை நிமிஷம். கனமான எடை என்றால் இரண்டு, மூன்று நிமிஷம்கூட வேண்டும். அந்த நேரத்தில் மூச்சு தணிகிறது, தசை அடுத்த சுற்றுக்குத் தயாராகிறது. ஆனால் போன் என்பது ஓய்வு இல்லை, வேறொரு வேலை. மைத்துனர் வீட்டு கிரகப்பிரவேசத்தில் நமக்குப் பத்திரிகை வைக்காததைப் பற்றிய குரூப் மெசேஜைப் படித்துவிட்டு, அடுத்த செட்டில் தொடையைப் பற்றி யாரால் நினைக்க முடியும்?

எங்கள் மாஸ்டரிடம் ஒரே ஒரு சட்டம். வாய்விட்டு எண்ண வேண்டும். பக்கத்தில் நிற்கிறவருக்குக் கேட்கிற மாதிரி. "பதினொண்ணா, பன்னெண்டா?" என்று சந்தேகம் வந்துவிட்டால் அந்த செட் செல்லாது, ஒன்றிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். கொடுமை என்று தோன்றும். ஆனால் யோசித்துப் பாருங்கள், சந்தேகம் வந்தபோது குறைவான எண்ணை எடுத்துக்கொண்ட மனிதர் யாராவது உண்டா?

பழைய தேகப் பயிற்சிக் கூடங்களில் இந்தச் சட்டம்கூடத் தேவைப்படவில்லை. அங்கே கர்லா கட்டை இருந்தது. கனமான மரக்கட்டையைத் தோளுக்குப் பின்னால் இறக்கி, தலையைச் சுற்றிக் கொண்டுவந்து முன்னால் நிறுத்த வேண்டும். பாதிச் சுற்றில் பக்கத்து வீட்டுக்காரரை நினைத்தால் கட்டை மண்டையில் ஞாபகப்படுத்தும். தியானத்துக்கு இதைவிட நல்ல குரு கிடையாது. இன்றைய மெஷின்கள் ரொம்ப நல்லவை. நாம் எதை நினைத்துக்கொண்டிருந்தாலும் அடிக்காது. அதுதான் சிக்கல்.

கவனத்துக்கும் உடம்புக்கும் என்ன சம்பந்தம் என்று விஞ்ஞானிகளும் பார்த்திருக்கிறார்கள். 1977-ல் வில்லியம் மார்கன், மைக்கேல் பொல்லாக் என்ற இரண்டு அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் மாரத்தான் ஓட்டக்காரர்களிடம், ஓடும்போது மனதில் என்ன ஓடுகிறது என்று விசாரித்தார்கள். சுமாரான ஓட்டக்காரர்கள் களைப்பை மறக்க வேறு எதையாவது நினைத்துக்கொண்டு ஓடினார்கள். முதல் வரிசை ஓட்டக்காரர்கள் நேர்மாறு. மூச்சு எப்படி இருக்கிறது, காலில் இறுக்கம் இருக்கிறதா என்று தங்கள் உடம்பையே கவனித்துக்கொண்டு, அதற்கேற்ப வேகத்தைக் கூட்டிக் குறைத்தார்கள்.

2018-ல் பிராட் ஷோன்ஃபெல்ட் என்பவரின் குழு இன்னொரு சோதனை செய்தது. பயிற்சிப் பழக்கமே இல்லாத 30 கல்லூரி மாணவர்கள், எட்டு வாரம், எல்லோருக்கும் ஒரே பயிற்சி. ஒரு பாதியிடம், "தசையை இறுக்குவதில் கவனம் வை" என்றார்கள். மறு பாதியிடம், "எடையை மேலே கொண்டுபோ, போதும்" என்றார்கள். முடிவில் முதல் குழுவுக்குப் புஜத்தின் தசை 12.4 சதவிகிதம் தடித்திருந்தது. இரண்டாவது குழுவுக்கு 6.9. ஆனால் தொடையில் அந்த அளவு வித்தியாசம் தெரியவில்லை. பந்து எறிவது, தாண்டுவது மாதிரி வித்தைகளில் உடம்பைக் கவனிக்காதே, இலக்கைக் கவனி என்று சொல்லும் ஆராய்ச்சிக் கட்சியும் பலமாக இருக்கிறது. ஆக, கவனத்தை எங்கே வைப்பது என்பதில்தான் சண்டை. ரீல்ஸில் வை என்று எந்தக் கட்சியும் சொல்லவில்லை.

கவனத்தால் இன்னொரு லாபம், பத்திரம். தசை எரிகிற மாதிரி வலிப்பது ஒரு வகை. மூட்டில் சுருக்கென்று குத்துவது வேறு வகை. முதலாவதோடு சமாதானமாகப் போகலாம். இரண்டாவது வந்தால் எடையைக் கீழே வைக்க வேண்டும். நெஞ்சில் பாரமோ தலைசுற்றலோ வந்தால் அன்றைய பயிற்சி அங்கேயே முடிந்தது, அடுத்த ஸ்டாப் டாக்டர். உடம்பு இதையெல்லாம் மெல்லிய குரலில்தான் முதலில் சொல்லும். இரண்டு காதிலும் குத்துப்பாட்டு அலறினால் அது எப்படிக் கேட்கும்?

சரி, லட்சியம் இருந்தால் கவனம் தானாக வராதா? எந்த லட்சியம் என்பதைப் பொறுத்தது. நம் லட்சியங்களில் பாதி கடன் வாங்கியவை. தினம் பத்தாயிரம் அடி நடக்க வேண்டும் என்று ஊரே சொல்கிறதே, அந்தக் கணக்கு 1965-ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு கருவியின் பெயரிலிருந்து பிரபலமானது. 'மான்போ-கே' என்றால் பத்தாயிரம் அடி மீட்டர். நல்ல பெயர், நல்ல வியாபாரம். 'பத்து கிலோ குறைக்கணும்' என்பதும் அதே ரகம். அதை ஜிம் பெஞ்சில் படுத்துக்கொண்டு செய்ய முடியாது. அதில் பாதி சமையலறையில் நடக்கிற காரியம். பெஞ்சில் படுத்தவர் செய்யக்கூடியது அடுத்த ஒரு தூக்கு மட்டும்தான்.

எங்கள் ஜிம்மில் அதைத் தெரிந்தவர் ஒருவர் இருக்கிறார். ரிடையர்டு பேங்க் ஆபீசர், வயது 68. வேட்டியை மாற்றி டிராக் பேண்ட் போட்டுக்கொண்டு, நாற்பது பக்க நோட்டு ஒன்றோடு வருவார். தேதி, எடை, எத்தனை தடவை. லெட்ஜர் மாதிரி எழுத்து. மூன்று செட்டும் பன்னிரண்டு சுலபமாக வந்துவிட்டால்தான் அடுத்த வாரம் இரண்டரைக் கிலோ ஏற்றுவார். தரையிலிருந்து எடை தூக்கும் டெட்லிஃப்ட்தான் அவருடைய முக்கியப் பயிற்சி. முதுகு நேர், முழங்கால் மடக்கு, எடை உடம்போடு ஒட்டி. "ஒண்ணு... ரெண்டு..." என்று எண்ணும்போது பக்கத்தில் இடி விழுந்தாலும் திரும்பமாட்டார்.

"உங்க டார்கெட் என்ன சார்?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"ஐம்பத்தெட்டு கிலோ."

எனக்குக் கொஞ்சம் கவலையாகிவிட்டது. "இருக்கிறதே ஒல்லியான உடம்பு. இன்னும் எதுக்கு சார் குறைக்கணும்?"

"குறைக்க இல்லை சார். தூக்க." துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "என் சம்சாரத்தோட வெயிட்டு. ஸ்ட்ரோக் வந்து ரெண்டு வருஷமாச்சு. கட்டில்லேர்ந்து நாற்காலி, நாற்காலிலேர்ந்து பாத்ரூம். ஒரு நாளைக்கு ஆறு தடவை. எப்படிப் பிடிக்கணும்னு பிசியோதெரபி பொண்ணு சொல்லிக் குடுத்தா. முழு வெயிட்டும் என் மேல வராது. ஒரு காலை அவ ஊணிக்குவா." கொஞ்சம் நிறுத்தினார். "ஒரு நாள் ஊண முடியலைன்னா?"

நான் ஒன்றும் சொல்லவில்லை. அவர் நோட்டைப் புரட்டிக் காட்டினார். இருபதில் ஆரம்பித்து நாற்பத்தேழரை வரை வந்திருந்தது. அவசரப்பட்ட பக்கம் ஒன்றுகூட இல்லை. முதுகு பிடித்துக்கொண்டால் அவருக்கு மாற்று ஆள் கிடையாது.

அந்த ஜிம்மில் போனை வெளியே வைத்துக்கொள்ள மாஸ்டர் அவருக்கு மட்டும்தான் அனுமதி கொடுத்திருக்கிறார். அதுவும் மாஸ்டர் மேஜையில். வீட்டிலிருந்து வந்தால் மாஸ்டரே எடுத்துப் பேசுவார். மற்றவர்கள் போனெல்லாம் போன மாதத்திலிருந்து லாக்கரில்.

எல்லோர் வீட்டிலும் ஐம்பத்தெட்டு கிலோ காத்திருக்க வேண்டாம். கல்யாணப் பந்தியில் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுக் கையை ஊன்றாமல் எழுந்திருப்பது ஒரு நல்ல லட்சியம். பேத்தியைத் தூக்கிக்கொண்டு மூன்று மாடி ஏறுவது இன்னொன்று. நம்முடையதாக இருக்க வேண்டும், ஒரு நோட்டில் எழுதக்கூடியதாக இருக்க வேண்டும். அப்புறம் அதை மறந்துவிட்டு, கையில் இருக்கிற அந்த ஒரு தூக்கை மட்டும் கவனித்தால் போதும்.

நம் செல்போன்காரரும் மாறிவிட்டார். நேற்று அவரே போனை லாக்கரில் வைத்துப் பூட்டிவிட்டு வந்து படுத்தார். கூடமே கேட்கிற மாதிரி உரக்க எண்ணினார். எட்டு, ஒன்பது, பத்து... பதினொன்றில் கம்பி அந்தரத்தில் நின்றது. முகத்தில் அப்படி ஒரு தீவிரம். தசையோடு ஐக்கியமாகிவிட்டார் என்றுதான் நினைத்தேன்.

"மாஸ்டர்," என்றார் படுத்தபடியே, "லாக்கர் சாவிய எங்க வெச்சேன்?"