ஜன்னல் இல்லாத அறையே போதும்

2022 ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்து கார்டிலியாவின் ‘எம்ப்ரஸ்’ சொகுசுக் கப்பல் ஓடத் தொடங்கியபின், கடற்பயணம் அம்பத்தூர் மேனாம்பேட்டுக் குடும்பங்களின் பேச்சிலும் அடிபடக்கூடியதுதான். சின்னப் பிள்ளை வைத்திருப்பவர்களைத் தயங்க வைப்பது கேபினின் அளவு. அந்தத் தயக்கம் தேவையில்லை என்பேன். அம்பத்தூர் தொழிற்பேட்டையைச் சுற்றியுள்ள ஒற்றை அறை போர்ஷன்களில் நான்கு பேர் படுத்தெழுவது நமக்குப் புதிதா என்ன? கப்பலில் இடிப்பது இடமல்ல, நேரம். பிள்ளை எட்டு மணிக்குத் தூங்கினால் விளக்கை அணைத்தாக வேண்டும். பெற்றோரின் மாலைப்பொழுது அத்தோடு சரி. அதற்குத்தான் பால்கனி அறை என்பார்கள். நியாயம்தான். ஆனால் கட்டணம் எகிறும். நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறும் வயதுப் பிள்ளை என்றால் பால்கனிக் கதவைப் பூட்டியே வைக்க வேண்டும். பிறகு பால்கனி எதற்கு? கப்பலின் ஆட்டம் குறைவாக இருப்பது கீழ்த்தளங்களின் நடுப்பகுதியில். அங்கே ஜன்னலில்லாத அறை கிடைத்தால் செலவும் குறையும், பகலிலும் கும்மிருட்டு என்பதால் மதியத் தூக்கமும் கெடாது. நள்ளிரவில் பிள்ளை விழித்து மிரளுமே என்றால், குளியலறை விளக்கைப் போட்டுக் கதவை ஒருக்களித்து வைக்கலாம். மாலையில் ஒருவர் அறையில் இருக்க மற்றவர் மேல்தளத்துக்குப் போய்வர வேண்டியதுதான். பாட்டியும் உடன் வந்தால் இருவருமே போகலாம். தூளி கட்ட அங்கே உத்தரம் கிடையாது, மடக்குத் தொட்டில் உண்டா என்று பதிவு செய்யும்போதே கேட்டுவிட வேண்டும்.