இடிந்த மனைகளும் இரவுக் கதைகளும்



ஒரு கட்டடம் இடிந்தால் அதன் கல் ஒரு வீட்டுக்குப் போகிறது. மரம் மற்றொரு வீட்டுக்குப் போகிறது. கதை மட்டும் இடத்தை விட்டு அகலுவதில்லை. கோலார் தங்கவயலில் இன்று அவ்வாறு கதை மட்டுமே எஞ்சி நிற்கும் மனைகள் பல உள்ளன. 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கம் மூடப்பட்டது. அதன் பின்னர் வெள்ளைத்துரைமார் வாழ்ந்த பங்களாக்களும், நம்மவர் வாழ்ந்த வரிசை வீடுகளும் ஒவ்வொன்றாகப் பாழடைந்தன. கூரை போயிற்று, கதவு போயிற்று, பேய் குடியேறிற்று என்று ஊரார் சொல்லத் தொடங்கினர்.

நம் இல்லங்களில் பாட்டிமார் சொல்லும் இரவுக் கதைகளில் இரண்டு ஓசைகள் வருவதுண்டு. ஒன்று, மூடிய சுரங்கத்தின் அடியிலிருந்து யாரோ சுத்தியால் தட்டும் ஓசை. மற்றொன்று, ஆளில்லாத வீட்டில் நள்ளிரவில் கேட்கும் இருமல். பேய் உண்டா, இல்லையா என்னும் வழக்கை நாம் இங்கே எடுத்துக்கொள்ளவில்லை. அந்த ஓசைகள் எங்கிருந்து பிறந்தன என்பதே நம் வினா.

முதலில் தட்டும் ஓசையைப் பார்ப்போம். 1880இல் ஜான் டெய்லர் கம்பெனியார் இங்கே சுரங்க நிர்வாகத்தை ஏற்றபோது, இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியிலிருந்து தேர்ந்த சுரங்கத் தொழிலாளர்கள் வந்தனர். அவர்கள் நாட்டில் ஒரு பழைய நம்பிக்கை உண்டு. சுரங்கச் சுவருக்குள் ‘நாக்கர்’ என்னும் குட்டி உருவங்கள் இருந்து தட்டுமாம். மாண்ட தொழிலாளரின் ஆவிகளே அவை என்பாரும் உளர். பாறை சரியுமுன் அவை தட்டி எச்சரிக்கும் என்பது அவர்கள் எண்ணம். வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சித்தூரிலிருந்தும் வந்த நம் முன்னோரோ, அகால மரணம் அடைந்தவர் உயிர் அலைந்து திரியும் என்னும் நம்பிக்கையோடு வந்தவர்கள். கடல் கடந்து வந்த பேயும், காடு கடந்து வந்த பேயும் ஒரே குழிக்குள் சந்தித்தன!

ஆனால் அந்த ஓசை வெறுங்கற்பனை அன்று. பாறை மெய்யாகவே ஒலித்தது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியது. அவ்வளவு ஆழத்தில் மேலுள்ள மலையின் பாரம் முழுவதும் பாறையை அழுத்தி நிற்கும். பொன் கலந்த படிகக்கல்லை வெட்டி எடுத்தபின் உண்டாகும் வெற்றிடத்தை நோக்கிப் பாறை நெருங்கும், சடசடவென வெடிப்புவிடும், சில வேளை திடீரெனச் சிதறிப் பாயும். இதனையே பாறை வெடிப்பு என்பர். மேலே வீடுகள் அதிரும், பாத்திரம் உருளும், கணவனோ மகனோ கீழே வேலையில் இருக்கும் பெண்கள் சுரங்க வாயிலுக்கு ஓடுவர். 1970களின் இறுதியில் பூமி அதிர்ச்சியை அளக்கும் கருவிகளை இங்கே நிறுவினர். கருவி வருமுன் தொழிலாளியின் காதுதான் கருவி. கீழே தட்டினால் விலகி நில் என்று மூத்தவர் இளையவருக்குச் சொன்னது மூடநம்பிக்கையா, அனுபவ அறிவா? இரண்டும் ஒரே சொல்லுக்குள் இருந்தன எனலாம்.

அடுத்தது இருமல். பாறையைத் துளையிடும்போது எழும் நுண்ணிய கல்தூசி நுரையீரலில் படிந்து, அதனை மெல்ல மெல்லக் கெட்டியாக்கிவிடும். இந்நோய்க்குச் சிலிகோசிஸ் என்று பெயர். 1940இல் மைசூர் அரசு இதனைத் தொழில்நோயாக ஏற்று இழப்பீட்டுக்கு விதி வகுத்தது. 1940 முதல் 1946 வரை இங்கே 7,653 தொழிலாளரைச் சோதித்தனர். அவர்களுள் நூற்றுக்கு நாற்பதின்மருக்கு மேல் இந்நோய் கண்டிருந்தது. அப்படியானால், வரிசை வீடுகளில் இரவெல்லாம் இருமல் கேட்டதில் வியப்பென்ன? பாறை விழுந்து மாண்டவன் பெயரையாவது விபத்துக் கணக்கில் எழுதினர். பத்தாண்டு இருமிப் பிறந்த ஊர் திரும்பி மாண்டவன் பெயரை எந்தக் கணக்கில் எழுதினர்? கணக்கில் ஏறாதவன் கதையில் ஏறினான்.

இது நம் ஊருக்கு மட்டும் உரியதன்று. நம்மவர் பலர் வாழும் சிங்கப்பூரில், சிராங்கூன் சாலையில் நியூ வேர்ல்டு ஹோட்டல் என்னும் விடுதி இருந்தது. அது இயங்கிய ஆறு மாடிக் கட்டடம் 1986ஆம் ஆண்டு மார்ச் 15ஆம் நாள் ஒரு நிமிடத்துக்குள் இடிந்து விழுந்தது. 33 பேர் மாண்டனர். பாதாள ரயில் பாதைக்குச் சுரங்கம் தோண்டிக்கொண்டிருந்த வல்லுநர்கள் ஓடிவந்து இடிபாட்டுக்குள் வழி குடைந்தனர். 17 பேர் உயிருடன் மீட்கப்பட்டனர். அந்த இடத்தைப் பற்றியும் பேய்க் கதைகள் எழுந்தன. எனினும் அரசு அமைத்த விசாரணை வேறொன்றைக் கண்டது. உள்ளே வரும் ஆட்களின், பொருள்களின் பாரத்தைக் கணக்கிட்டவர்கள், கட்டடத்தின் சொந்தப் பாரத்தையே கணக்கில் சேர்க்கவில்லை! 1989இல் கட்டடக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. ஒருவர் போட்ட கணக்கை மற்றொருவர் சரிபார்க்க வேண்டும் என்பது முறையாயிற்று. பேய் என்று சொல்லி நின்றிருந்தால் அஞ்சியிருப்பார்கள். காரணம் கேட்டதால் திருந்தினார்கள்.

ஆகவே, அன்பர்களே, பேய்க் கதை சொல்லும் பெரியவர்களை இளைஞர்கள் எள்ளி நகையாட வேண்டா. கதையோடு நிறுத்திவிடவும் வேண்டா. “தாத்தா, அவர் யார்? எந்தச் சுரங்கத்தில் வேலை செய்தார்? எந்த ஆண்டு இறந்தார்? பாறையாலா, இருமலாலா? அவர் குடும்பத்துக்குப் பணம் வந்ததா?” என்று கேளுங்கள். விடையை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். சுரங்கம் மூடியபின் விடியற்காலை ரயிலில் பெங்களூருக்குப் பிழைக்கச் செல்வோரும், வெளிநாடு சென்றோரும் நம்மில் பலர். இனி இந்த மனைகளின் அருகே நின்று கதை சொல்ல ஆளிருக்க மாட்டார்கள்.

மண்ணுக்கடியில் உழைத்தவர்கள் நம் பிள்ளைகளுக்குப் பேயாக அறிமுகமாக வேண்டா. பெயரோடும் ஊரோடும், பாட்டனாகவே அறிமுகமாகட்டும்.